உங்களுக்குத் தெரியுமா? எல்பி சுகம் தரும் சிடி பிளேயர்

● உலகில் முதன்முதலாகக் கடைக்கு வந்த சிடி பிளேயர் சோனியின் சிடிபி-101. 1982 அக்டோபர் 1, ஜப்பான். விலை 1,68,000 யென். அவ்வளவு விலை கொடுத்தும் உள்ளே எண்களை ஒலியாக்கும் ‘டேக்’ சிப் ஒன்றே ஒன்றுதான். இடப்பக்கத்துக்கு ஒரு தடவை, வலப்பக்கத்துக்கு ஒரு தடவை என்று மாறி மாறிப் படியளந்தது. அதனால் இரு பக்கத்துக்கும் இடையே 11 மைக்ரோ விநாடி பிந்தல். அந்த நேரத்தில் காற்றில் ஒலி கடக்கும் தூரம் 4 மில்லிமீட்டர்கூடக் கிடையாது. கேட்கிறவர் தலையை லேசாகச் சாய்த்தாலே அதைவிட அதிகம் மாறிவிடும். ‘சிடி என்றாலே வறட்டு ஒலி’ என்ற பேச்சுக்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

● சிடிக்கு 16 பிட் என்று சோனியும் பிலிப்ஸும் சேர்ந்துதான் விதி எழுதின. ஆனால் பிலிப்ஸ் கையில் அப்போது தயாராக இருந்தது டிடிஏ1540 என்ற 14 பிட் சிப். அவர்கள் அசரவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸை நான்கு மடங்காக்கி 176.4 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினார்கள்; ஓவர்சாம்பிளிங் என்று இதற்குப் பெயர். மிச்சமிருந்த இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, 14 பிட்டிலேயே கிட்டத்தட்ட 16 பிட்டின் வேலையை வாங்கினார்கள். உபரி லாபம் ஒன்றும் கிடைத்தது. சோனி 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் சட்டென்று வெட்ட, செங்குத்தான அனலாக் ஃபில்டர் வைக்க வேண்டியிருந்தது. பிலிப்ஸுக்கு மென்மையான ஃபில்டரே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளில் மொத்தத் தொழிலும் பிலிப்ஸ் வழிக்கு வந்து சேர்ந்தது.

அதே குடும்பத்தில் பின்னால் வந்தவை டிடிஏ1541, டிடிஏ1541ஏ என்ற 16 பிட் சிப்புகள். இவை உள்ள பழைய பிலிப்ஸ், மரான்ட்ஸ் பிளேயர்களுக்குச் செகண்ட்ஹேண்ட் சந்தையில் இன்றும் தனி மவுசு. சிப்பின் தலையில் கிரீடம் அச்சிட்டிருந்தால் விலை இன்னும் ஏறும். சிப்பின் பெயரைப் பார்த்து மட்டும் பிளேயர் வாங்குவது ஜாதகத்தைப் பார்த்து மட்டும் மாப்பிள்ளை பார்ப்பதுதான். பவர் சப்ளை, அவுட்புட் சர்க்யூட், முப்பது வருடத்தில் வற்றிப்போன கெப்பாசிட்டர்கள் இவையெல்லாம் எந்த ஜாதகத்திலும் எழுதியிருக்காது.

● விநாடிக்கு 44,100 என்ற விசித்திரமான எண் வீடியோ டேப்பிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ ரெக்கார்டரை விட்டால் வழியில்லை. ஒரு வரிக்கு 3 எண்கள். ஜப்பான், அமெரிக்க முறையில் 245 வரிகள், விநாடிக்கு 60 தடவை. ஐரோப்பிய முறையில் 294 வரிகள், 50 தடவை. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒரே விடைதான்.

● எல்பி தட்டில் பாட்டு அப்படியே வெட்டப்படுவதில்லை. பாஸ் ஒலியை உள்ளபடி வெட்டினால் பள்ளங்கள் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதனால் வெட்டும்போது பாஸைக் குறைத்து, உச்ச ஒலிகளை ஏற்றிவிடுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ பகுதி அதைத் தலைகீழாகத் திருப்பிச் சரிசெய்யும். 1954இல் அமெரிக்க ஒலித்தட்டு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ வகுத்த அளவுப்படி, கேட்கும்போது 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் ஏற்றம். 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் இறக்கம். மின்னழுத்தக் கணக்கில் அந்தப் பக்கம் பத்து மடங்கு, இந்தப் பக்கம் பத்தில் ஒன்று!

இவ்வளவு பெரிய திருத்தத்தைச் செய்யும் சர்க்யூட் இம்மி பிசகினாலும் பாட்டின் குணம் மாறிவிடும். அதற்கு முன்னால் கார்ட்ரிட்ஜ் வேறு இருக்கிறது, முள்ளின் வடிவம் இருக்கிறது, ஆர்மின் எடை இருக்கிறது. ஆகவே ‘எல்பி ஒலி’ என்று ஒன்றே ஒன்று கிடையாது. வீட்டுக்கு வீடு வேறு. ‘எல்பி போல ஒலிக்கும் சிடி பிளேயர் வேண்டும்’ என்று கேட்கிறவரிடம், ‘எந்த வீட்டு எல்பி?’ என்று திருப்பிக் கேட்கலாம். சிடி பிளேயர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் இல்லை.

● எல்பியின் கடைசிப் பாட்டுக்கு எப்போதும் அநியாயம்தான். தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்ற கணக்கில் சுற்றுகிறது. அந்த ஒரே வேகத்தில் வெளி விளிம்பில் முள்ளுக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும். உள்ளே போகப் போக அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். அதே நுணுக்கத்தை அதைவிடக் குறைந்த இடத்தில் திணித்தாக வேண்டும். ‘ச’, ‘ஷ’ ஓசைகள் கீறுவது அங்கேதான். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, முடிவில் 200. லேசருக்கு அடியில் ஓடும் வேகம் மாறாது.

● அளவுகோலை எடுத்தால் எல்பி தோற்றுக்கொண்டே வரும். இடது வலது ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதில் நல்ல கார்ட்ரிட்ஜுக்கே 25–30 டெசிபெல்தான். சாதாரண சிடி பிளேயர் 90ஐத் தாண்டும். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி எல்பியில் 60–70 டெசிபெல், சிடியில் 96. ஆழ்ந்த பாஸை நடுவில் வைத்துத்தான் பெரும்பாலும் எல்பி வெட்டுவார்கள், இல்லாவிட்டால் முள் துள்ளிவிடும். ஆனால் பலருடைய காது ரசிப்பது இந்தக் குறைகளையேதான். இடதும் வலதும் கொஞ்சம் கலந்து, பாஸ் நடுவில் திரண்டு, மேலே லேசாக மழுங்கி வரும்போது ‘பாட்டு ஒன்றாகச் சேர்ந்து வருகிறது’ என்கிறார்கள். அதில் தவறில்லை. அது ருசி. ருசிக்குக் காரணம் சிடியின் போதாமை என்று சொல்லும்போதுதான் வாதம் தடம் புரள்கிறது.

● வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. பிடித்த எல்பியை நல்ல கருவியில் ஓட்டி, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிந்து, சிடியில் எழுதிக் கேளுங்கள். எல்பியில் இருந்த கதகதப்பு, படபடப்பு, தூசிச் சத்தம் உட்பட அப்படியே சிடியிலிருந்து வரும். எல்பியின் சுகத்தைச் சுமக்கச் சிடிக்கு வலு இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம்.

● டர்ன்டேபிளுக்குப் பேர்போன ஸ்காட்லாந்து நிறுவனம் லின். அதை நிறுவிய ஐவர் டீஃபன்பிரன் டிஜிட்டல் ஒலியைக் கடுமையாக எதிர்த்தவர். 1984இல் அவர் முன்னிலையில் ஒரு சோதனை நடந்தது. எல்பியிலிருந்து வரும் ஒலியின் நடுவே சோனியின் பிசிஎம்-எஃப்1 என்ற டிஜிட்டல் கருவியை அவ்வப்போது நுழைத்தும் எடுத்தும், ‘இப்போது இருக்கிறதா, இல்லையா?’ என்று கேட்டார்கள். நடத்தியவர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ். ஊகத்துக்கு மேல் டீஃபன்பிரனால் சொல்ல முடியவில்லை என்று பாஸ்டன் ஆடியோ சொசைட்டியின் இதழ் அறிக்கை வெளியிட்டது. பின்னாளில் லின்னே சிடி பிளேயர் தயாரித்தது, பெயரும் வாங்கியது. 2009இல் சிடி பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 1970களில் பிறந்த அதன் எல்பி12 டர்ன்டேபிள் மட்டும் இன்றும் விற்பனையில் இருக்கிறது!

● இன்னொரு சோதனை 2007இல் அமெரிக்க ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. சிடியைவிட உயர்ந்த தரப் பதிவுகளை ஓட்டி, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கும் கருவியை மாற்றி மாற்றி நுழைத்தார்கள். மொத்தம் 554 தடவை. கேட்டவர்கள் சரியாகச் சொன்னது 276 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

● அப்படியானால் பழைய சிடி ஒன்று தேனாகவும், அதே பாட்டின் புதிய சிடி இரைச்சலாகவும் கேட்பது ஏன்? குற்றவாளி பிளேயர் அல்ல, தட்டு. 1990களிலிருந்து ஒரு போட்டி மூண்டது. அடுத்தவன் சிடியைவிட என் சிடி சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று மெல்லிய ஒலிகளை ஏற்றி, உச்சங்களை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் அமுக்கினார்கள். உச்சக்கட்ட உதாரணம் 2008இல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன. அதில் அமுக்கல் குறைவு. சிடியைவிட விளையாட்டில் நன்றாகக் கேட்கிறது என்று ரசிகர்கள் முறையிட்டார்கள்.

இதனால்தான் பிளேயருக்கு முன்னால் தட்டைத் தேர்ந்தெடுங்கள் என்பது இந்தப் பத்தியின் கட்சி. 1980களின் சிடிப் பதிப்புகள் பல இந்தப் போட்டி மூள்வதற்கு முந்தியவை. ‘ரீமாஸ்டர்’ என்று அட்டையில் போட்டிருந்தால் உற்சாகப்படுவதற்குப் பதில் சந்தேகப்படுங்கள். நல்ல ரீமாஸ்டரும் உண்டு, கேட்காமல் தெரியாது. அதற்காக முதல் தலைமுறைச் சிடி எல்லாம் தங்கம் என்றும் நினைக்க வேண்டாம். எல்பி வெட்டுவதற்கென்று டோன் திருத்திய டேப் பிரதியையே எடுத்து அவசரமாகச் சிடியில் போட்டவர்களும் அப்போது இருந்தார்கள். ‘வறட்டு ஒலி’ பழிக்கு அதுவும் ஒரு வேர்.

நம் வீடுகளில் இதைச் சோதிக்கப் பழைய கர்நாடக இசைப் பதிவுகளே போதும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் எச்எம்வி எல்பியாக வந்தது. பிறகு கேசட், சிடி என்று உருமாறி வந்துகொண்டே இருக்கிறது. இப்படிப் பல அவதாரம் எடுத்த எந்தப் பதிவானாலும் இரண்டு பதிப்பை அருகருகே வைத்து, குரலை விட்டுவிட்டுத் தம்பூராவை மட்டும் கவனியுங்கள். டேப்பின் ‘ஸ்ஸ்’ ஓசையைத் துடைக்கிறேன் என்று தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்துத் துடைத்திருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதை எந்த விலையுயர்ந்த பிளேயராலும் மீட்க முடியாது.

● பீட்டில்ஸின் சிடிகள் 1987இல்தான் அதிகாரபூர்வமாக வந்தன. ஆனால் 1983இலேயே ஜப்பானில் தோஷிபா-ஈஎம்ஐ ‘ஆபி ரோடு’ ஆல்பத்தைச் சிடியாக வெளியிட்டு, அனுமதிச் சிக்கலால் விரைவில் திரும்பப் பெற்றது. தட்டில் உள்ள கறுப்பு முக்கோணத்தை வைத்துச் சேகரிப்பாளர்கள் அதை அடையாளம் காண்கிறார்கள். கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

● அந்தத் தட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. தொடக்கக் காலச் சிடிகள் சிலவற்றில், எல்பியைப் போலவே, உச்ச ஒலிகளை ஏற்றிப் பதிந்திருப்பார்கள். ‘ப்ரீ-எம்ஃபசிஸ்’ என்று பெயர். தட்டில் உள்ள குறியைப் பார்த்து பிளேயர் தானாகவே அதை இறக்கிவிடும். இறக்காமல் விட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் 9 டெசிபெலுக்கு மேல் கூடுதல்; ஜால்ரா காதைக் கிழிக்கும். சாதாரண சிடி பிளேயர்கள் இதைச் சரியாகச் செய்கின்றன. கணினியில் காப்பி எடுக்கும்போதும், தட்டைப் படிக்கும் டிரான்ஸ்போர்ட்டும் எண்களை ஒலியாக்கும் டேக்கும் தனித்தனியாக வாங்கி இணைக்கும்போதும் இந்தக் குறி வழியில் தொலைந்துபோகலாம். 1980களின் ஜப்பான் சிடிகள் நிறைய வைத்திருப்பவர் இரண்டையும் ஒன்றாகவே வாங்குவது மேல்.

● ‘டிஜிட்டல் தொடாத’ எல்பி என்பது பலர் நினைப்பதைவிட அபூர்வம். ராய் கூடரின் ‘பாப் டில் யூ டிராப்’ 1979இலேயே டிஜிட்டலில் பதிவானது. அப்போது சிடியே பிறக்கவில்லை, எல்பியாகத்தான் வந்தது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ (1985) டிஜிட்டல் பதிவு. பத்து லட்சம் விற்ற முதல் சிடி என்று பெயர் பெற்றது. எல்பியில் இடம் போதாமல் சில பாட்டுகளைச் சுருக்கினார்கள். முழுசாக வேண்டும் என்றால் சிடிதான். 2022இல் நடந்தது இன்னும் சுவாரசியம். அசல் டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த எல்பிகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது வெளியே வந்தது. அனலாக்கின் தூய்மைக்கு உதாரணமாக அந்தத் தட்டுகளைத்தான் பலர் அதுவரை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

● கடையில் இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது சத்தமாக ஒலிப்பதே வெல்லும். அரை டெசிபெல் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘தெளிவு’ என்று சொல்லும். சிடி பிளேயரின் அவுட்புட் வழக்கமாக 2 வோல்ட். சில தயாரிப்புகள் 2.3, 2.5 என்று சற்றுத் தூக்கி வைத்திருக்கும். வீட்டில் ஒப்பிடுவதானால், சோதனைச் சிடியில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துவரும்படி வால்யூமைத் திருகுங்கள். ‘இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்’ எத்தனையோ பேருக்கு அத்தோடு மறைந்திருக்கிறது.

● வால்வ் வைத்த சிடி பிளேயர்களும் உண்டு. வால்வ் சேர்க்கும் திரிபில் மேலோங்கி நிற்பது பெரும்பாலும் இரண்டாவது ஹார்மோனிக். அதாவது ஒரு ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயி ஸ்வரமும் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வரும். காதுக்கு அது செழுமையாகப் படுகிறது. எல்பி சுகத்துக்கு உண்மையிலேயே அருகில் வரும் வழிகளில் இது ஒன்று. ஆனால் சில மாடல்களில் வால்வ் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் ஆரஞ்சு விளக்கோடு அழகாக நிற்கும், ஒலியில் அதன் பங்கு சொற்பம். விளக்குக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

● இன்னொரு வழி, ஜப்பானில் 1990களின் பிற்பாதியில் கிளம்பிய ‘ஓவர்சாம்பிளிங் வேண்டாம்’ கட்சி. பிலிப்ஸ் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்ததையே எடுத்து வீசுகிறார்கள். ஃபில்டரும் இல்லாமல் விட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெலுக்குக் கொஞ்சம் மேல் தானாகவே இறங்கிவிடும். அந்த மழுங்கல்தான் ‘அனலாக் மாதிரி’ என்று பெயர் வாங்குகிறது. ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் திருகாணியை ஒரு புள்ளி இறக்கினாலும் ஏறக்குறைய அங்கே போய்விடலாம். இலவசம் என்பதால் அதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை.

● டர்ன்டேபிள் செய்த கைகளே சிடி பிளேயர் செய்தால்? இங்கிலாந்தின் ரேகா அப்படித்தான். 1970களிலிருந்து டர்ன்டேபிள் செய்துவந்த அந்த நிறுவனம் சிடிப் பக்கம் வந்தது 1990களின் இரண்டாம் பாதியில், ‘பிளானட்’ என்ற மாடலோடு. இழுப்பறை கிடையாது, மேல்மூடியைத் திறந்து தட்டைக் கையால் வைக்க வேண்டும். ஒலிக்கு இதனால் என்ன லாபம் என்று வாதிடலாம். ஆனால் எல்பி ரசிகருக்குப் பாதி சுகம் தட்டை எடுத்து, துடைத்து, வைப்பதில் இருக்கிறது. ரிமோட்டில் பாட்டுத் தாவும் பழக்கத்தையும் அது கொஞ்சம் அடக்கும். இருபது நிமிடம் உட்கார்ந்து ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்டதுதான் எல்பியின் பெரிய ரகசியமாக இருந்தால், இந்த மூடி வால்வை விட அதிக வேலை செய்கிறது என்பேன்.

● ஆடியோ பைத்தியங்கள் தேடி அலைந்த சிடி பிளேயர் ஒன்று விளையாட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. சோனி பிளேஸ்டேஷன், அமெரிக்காவில் வந்த முதல் மாடல், எஸ்சிபிஎச்-1001. ஆம்ப்ளிஃபையரோடு நேரே இணைக்கும் ஆர்சிஏ துளைகள் அதன் முதுகில் இருந்தன. பின்னால் வந்த மாடல்களில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவின் ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகை 2008இல் இதை விமர்சனத்துக்கே எடுத்துக்கொண்டது.

● சிடியின் விளிம்பில் பச்சை மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டால் ஒலி மேம்படும் என்று ஒரு காலத்தில் பேனா விற்றார்கள். லேசரின் ஒளி 780 நானோமீட்டர் அகச்சிவப்பு. கண்ணுக்கே தெரியாத ஒளிக்குக் கண்ணுக்குத் தெரியும் பச்சை!

● சிடியில் பள்ள வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான். தடம் நெடுகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்துபோனாலும், ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தக் கணக்கு விட்டுப்போன எண்களை முழுமையாக மீட்டுவிடும். குறுக்குக் கீறலைவிடத் தடத்தின் போக்கிலேயே விழும் கீறல்தான் ஆபத்து. ஆகவே நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். எல்பி மாதிரி வட்டமாகத் துடைக்கக் கூடாது.

● பழைய பிளேயரின் ஆயுள் அதன் லேசர் யூனிட்டில் இருக்கிறது. டேக் சிப் பல காலம் உழைக்கும். லேசர் மங்கும், ரப்பர் பெல்ட் இளகும், டிரே பாதியில் நிற்கும். பிலிப்ஸின் பழைய சிடிஎம் வரிசை மெக்கானிசங்கள் நேர்த்தியானவை என்று பெயரெடுத்தவை. ஆனால் அவற்றின் உற்பத்தி நின்று வெகுகாலமாகிறது. பிற்பாடு உயர்விலை பிளேயர்கள் பலவற்றுக்கு மெக்கானிசம் தந்தது வியன்னாவில் உள்ள ஸ்ட்ரீம்அன்லிமிடெட். முன்னாள் பிலிப்ஸ் பொறியாளர்கள் தொடங்கிய நிறுவனம்.

செகண்ட்ஹேண்டில் வாங்கினால் நீளமான சிடி ஒன்றையும், வீட்டில் எழுதிய பழைய சிடி-ஆர் ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள். நீளமான சிடியின் கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். தளர்ந்த மெக்கானிசம் அங்கேதான் திக்கும். சிடி-ஆரின் பிரதிபலிப்பு குறைவு. மங்கிய லேசர் அதைப் படிக்கத் திணறும். பின்பக்கம் கோஆக்ஸியல் அல்லது ஆப்டிகல் டிஜிட்டல் அவுட்புட் இருந்தால், நாளைக்கு உள்ளே இருக்கும் டேக் பழுதானாலும் வெளியே ஒன்று வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். காசு பேசுவதற்கு முன் லேசர் யூனிட்டின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அது தனியாகக் கிடைக்கிறதா என்று ஒரு போன் போட்டு விசாரித்துவிடுங்கள். கிடைக்காது என்றால், சிப்பின் தலையில் எத்தனை கிரீடம் இருந்தாலும் அடுத்த பிளேயரைப் பாருங்கள்.